கோடு விழாத பெட்டி

அந்த வட்டாரத்தில் ஃபிரிட்ஜ் வாங்குகிற எவரும் ஸ்பேனரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்குவதில்லை. கேட்காமல் வாங்குகிற ஒரே ஆள் அவளுடைய சொந்த அக்காதான்.

ஸ்பேனர் என்பது அந்த அக்கா வைத்த பெயர். ஏழு வயதில் வீட்டு ரேடியோவைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றவளுக்கு வைத்தது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. அதற்கப்புறம் ஸ்பேனர் குளிர்சாதன வேலை படித்தாள், இரண்டு கம்பெனிகளில் குப்பை கொட்டினாள், சொந்தப் பட்டறை போட்டு இருபத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. நாற்பத்தொன்பது வயதில் தலையும் நரைத்தாயிற்று. அக்காவுக்கு மட்டும் அவள் இன்னும் ரேடியோ பக்கத்திலேயே நிற்கிறாள். அக்கா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு தடவை தப்பாக விடை எழுதிய பிள்ளையை லேசில் நம்பிவிட மாட்டாள்.

அப்பேர்ப்பட்ட அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பட்டறைக்கே வந்து, ஸ்டூலைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்ததும் ஸ்பேனருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அத்தானுக்கு என்னாச்சு?” என்றாள், கையிலிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டு.

“அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு. வீட்டுக்கு ஒரு ஒயின் கூலர் வாங்கணும். எது நல்லா உழைக்கும்னு சொல்லு.”

அத்தான் முப்பத்தொரு வருடமாக ஒரே ஹோட்டலில் ஒயின் நிலவறைக்குப் பொறுப்பாக இருந்தவர். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின், எதை எப்போது திறக்க வேண்டும், எதை இன்னும் தூங்கவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு நாளைக்கு இருபது வகையை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் காப்பி கேட்கிற மனிதர். போன வருடம் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆனது. இந்த மாதக் கடைசியோடு ஓய்வு. ஹோட்டல்காரர்கள் பெருந்தன்மையாக, “நிலவறையில் உங்களுக்குப் பிடித்த நாற்பத்தெட்டு பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருந்தார்கள்.

“அந்த மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா?” என்றாள் அக்கா. “இப்போ குடிக்கிற மாதிரி ஒண்ணைக்கூட எடுக்கலை. நாப்பத்தெட்டும் இன்னும் பத்து வருஷம் படுத்துக் கெடந்தாத்தான் பக்குவத்துக்கு வருமாம். டாக்டர்தான் ஒரு சொட்டும் கூடாதுன்னாரே, இது எதுக்குன்னு கேட்டேன். ‘இப்போதானே கூடாதுன்னாரு, எழுபது வயசுல கூடாதுன்னு சொல்லலையே’ங்கிறாரு.”

ஸ்பேனர் வாய்விட்டுச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

“சிரிக்காதடி. அவர் அதைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. போறவன் வரவன்கிட்ட எல்லாம் எழுபதுல திறப்பேன், எழுபத்து நாலுல திறப்பேன்னு சொல்லிட்டு இருக்காரு. நடுவுல அந்தப் பெட்டி நின்னுபோய், பாட்டிலெல்லாம் சூட்டுல கெட்டுப்போச்சுன்னா…” அக்கா கைக்குட்டையை மடித்தாள், மறுபடி பிரித்தாள். “பெட்டி நின்னா அவரும் நின்னுடுவாரோன்னு பயமா இருக்கு. இதை யார்கிட்டயும் நான் சொன்னதில்லை.”

அக்கா பயந்து அவள் பார்த்ததே இல்லை. இந்தப் பயத்தை அக்கா தூக்கிக்கொண்டு வந்த இடம் தன்னுடைய பட்டறை என்பது அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, கனமாகவும் இருந்தது.

“பத்து வருஷம் ஓடணும். அவ்வளவுதானே? விடு, நான் பார்த்துக்கறேன்” என்று அடித்துச் சொன்னாள்.

“சாதாரண ஃபிரிட்ஜ்ல வெச்சா ஆகாதாம்.”

“ஆகவே ஆகாது. காய்கறிக்கு வேணுங்கிற குளிர் ஒயினுக்கு ரொம்ப அதிகம். தக்கை காஞ்சு சுருங்கிடும், காத்து உள்ள போயிடும். இதுக்குப் பன்னெண்டு, பதிமூணு டிகிரி போதும். ஆனா அது ஏறக் கூடாது, இறங்கக் கூடாது. வெயில் படக் கூடாது. ஆடக் கூடாது.”

“நெட்ல பார்த்தேன். மோட்டாரே இல்லாம ஒண்ணு இருக்காம். சத்தமே வராதாம்.”

“அது சின்னதா ஒரு மின்சாரச் சில்லை வெச்சுக் குளிர வைக்கிறது. குளிர்ந்த ரூம்ல ராஜா மாதிரி ஓடும். உங்க வீட்டு மத்தியான வெக்கைக்கு அது நாக்கைத் தள்ளிடும். உனக்கு மோட்டார் வெச்சதுதான் சரி. நாப்பத்தெட்டு பாட்டில்னு எழுதியிருந்தா அதையும் நம்பாதே. ஒல்லி பாட்டிலை வெச்சு எண்ணியிருப்பான். அத்தான் பாட்டில்ல பாதிக்கு அடிப்பக்கம் பெருசு. அறுபதுன்னு எழுதினதை வாங்கினாத்தான் நாப்பத்தெட்டு உள்ள போகும்.”

அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவள் குறுக்குக் கேள்வி கேட்காமல் இருந்தாலே பாராட்டுப் பத்திரம் கொடுத்த மாதிரி. ஸ்பேனருக்குச் சிறகு முளைத்துவிட்டது. எழுந்து அக்காவை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினாள்.

பட்டறையின் உள்சுவர் அவளுடைய ரகசியம். கடைகளில் விற்கிற ஒவ்வொரு கம்பெனிப் பெட்டிக்கும் ஒரு வரிசை. கம்பெனிப் பெயர்கள் அவளுக்கு ஒத்துவராது. கறுப்புக் கதவு, வெள்ளிக் கைப்பிடி, சாம்பல் மூஞ்சி, நீலவிளக்கு என்று அவளே பெயர் வைத்திருந்தாள். ஒரு பெட்டி ரிப்பேருக்கு வந்தால் அந்த வரிசையில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒன்பது வருடக் கோடுகள் அவை.

“கடைக்காரன் எதை நல்லதுன்னு சொல்றான்னு கேட்டு வாங்கறது உலக வழக்கம். நான் எது என்கிட்ட நொண்டிக்கிட்டு வருதுன்னு பார்க்கிறவ. இதோ பாரு, ஒயின் கூலர்ல சாம்பல் மூஞ்சி பத்தொன்பது கோடு. கறுப்புக் கதவு பதினொண்ணு. வெள்ளிக் கைப்பிடி எட்டு.” அவள் விரல் கடைசி வரிசைக்குப் போனது. “நீலவிளக்கு. ஒரு கோடு இல்லை. விக்காததால வரலைன்னு நினைக்காதே. இந்த ஊர்லயே அதிகமா விக்கிறது அதுதான். ஒன்பது வருஷத்துல ஒண்ணுகூட என் மேஜைக்கு வரலை.”

கணக்கு டீச்சர் சுவரை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தாள். பிறகு, பிறந்ததிலிருந்து தங்கையிடம் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

“சரிதான்.”

மறுநாள் இருவரும் ஷோரூமுக்குப் போனார்கள். டை கட்டிய விற்பனையாளர் விளக்கப் புத்தகத்தைப் பிரிப்பதற்குள் ஸ்பேனர் தன் பையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்தாள், தண்ணீர் கேட்டாள். அவர் குடிக்கத்தானென்று நினைத்துக் குளிர்ந்த தண்ணீராகக் கொண்டுவந்தார். அவள் அதை நிரப்பி, ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளின் தலையில் ஒவ்வொன்றாக வைத்துக் குனிந்து பார்த்தாள். சாம்பல் மூஞ்சி கிளம்பும்போது ‘கர்ர்’ என்றது, தண்ணீரில் வளையம் வளையமாகச் சுழித்தது. நீலவிளக்கின் தலையில் தண்ணீர் அசையக்கூட இல்லை.

“மேடம், எல்லாமே பிராண்ட் நியூ…” என்றார் விற்பனையாளர்.

“அதான் சார் பிரச்சினை. புதுசா இருக்கும்போது எல்லாம் நல்லாத்தான் இருக்கும்” என்ற ஸ்பேனர் பில்லைக் கேட்டு வாங்கி, கிழித்து, அந்தத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தாள். நீலவிளக்கின் கதவு ரப்பர் காகிதத்தைக் கவ்விக்கொண்டு விடவில்லை. வேறு யாருக்கோ போட்ட பில் அது என்று விற்பனையாளர் பிறகு மெல்லிய குரலில் சொன்னார்.

சனிக்கிழமை நீலவிளக்கு வீட்டுக்கு வந்தது. படுக்கையறைக்கு அடுத்த சின்ன அறையில், வெயில் எட்டாத சுவரோரம், பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு ஸ்பேனரே நிறுத்தினாள். திங்கட்கிழமை ஹோட்டல் வண்டியில் பாட்டில்கள் வந்து இறங்கின. அக்கா அக்கம்பக்கத்தில், ஃபோனில், மாடிப்படியில் எல்லாம் தங்கை புராணம்தான் பாடிக்கொண்டிருந்தாள். “என் தங்கச்சி பார்த்து எடுத்தது. அவளைக் கேட்காம எதையும் வாங்காதீங்க.” அதைக் கேட்டவர்கள் பட்டறைக்கு வந்து ஸ்பேனரிடம் சொன்னார்கள். ஸ்பேனர் காதில் வாங்காத மாதிரி வேலை செய்துகொண்டே ஒரு வார்த்தை விடாமல் வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை அவளுக்கு ஒரு பழைய விசிறி இறக்கை தேவைப்பட்டது. பழைய இரும்புக் கடைக்குப் போனாள்.

இரும்புக்கடைக்காரர் அவளுக்கு இருபது வருடப் பழக்கம். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அந்தக் கண்ணாடியை அவர் போட்டு யாரும் பார்த்ததில்லை. கேட்ட சாமானை வழக்கமாக அவரே முன்னால் எடுத்துவந்து தருவார், அன்றைக்கு மட்டும், “பின்னாடி கொல்லையில போய்த் தேடிக்கோங்க மெக்கானிக்கம்மா. புதுச் சரக்கு நிறைய வந்திருக்கு” என்றார்.

கொல்லைச் சுவரோரம் நீலவிளக்குகள் நின்றன.

ஸ்பேனர் முதலில் ஒன்றைத்தான் பார்த்தாள். பிறகு அடுத்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினாள். பதின்மூன்று. கதவுக் கண்ணாடி உடையவில்லை, தட்டுகள் வளையவில்லை, கைப்பிடி பளபளவென்று இருந்தது. ஒன்றில் இரும்புக்கடைக்காரர் தன் செருப்புகளை அடுக்கி வைத்திருந்தார்.

“அண்ணே, இதெல்லாம் எங்கேருந்து வருது?”

“வீடுகள்லேருந்துதான். பார்க்க அழகா இருக்கேன்னு புத்தகம் வைக்க, துணி வைக்க ஆளுங்க வாங்கிட்டுப் போறாங்க. மாசம் ஒண்ணு ரெண்டு வந்துடுது.”

“ரிப்பேருக்குக் குடுக்க மாட்டாங்களா?”

“அதெங்க ரிப்பேர் பண்ண முடியுது? கம்பெனி ஆள் வந்து பார்ப்பானாம். உள்ள காஸ் போயிடுச்சு, ஒண்ணும் பண்றதுக்கில்லை, புதுசு எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போயிடுவானாம். நேரா இங்கதான் வருது.” அவர் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். “ஏன், உங்ககிட்ட ஒண்ணும் வரதில்லையா?”

ஸ்பேனர் முகத்தில் ஈயாடவில்லை. ஒன்றும் வரதில்லை அண்ணே. ஒன்பது வருடமாக ஒன்றும் வரவில்லை, அதைத்தான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நோயாளிகள் பிழைத்துக்கொண்டதால் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று அவள் நினைத்திருந்தாள். அவர்கள் நேராகச் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள்.

பின்பக்கம் ஒட்டியிருந்த தகடுகளில் தயாரித்த தேதியைப் பார்த்தாள். மூன்றரை வருடம். நான்கு. நான்கே கால். எல்லாவற்றிலும் மூத்ததுக்கு ஐந்தரை வயது.

அப்போதும் மனசு ஒப்பவில்லை. ரம்பம் ஒன்று வாங்கி, ஒரு பெட்டியைக் குப்புறத் தள்ளி, முதுகை அறுத்தாள். உள்ளே மஞ்சள் பஞ்சு மாதிரி கெட்டிப்பட்ட நுரை. அதைச் சுரண்டிச் சுரண்டி எடுத்ததும் குளிரூட்டும் குழாய் தெரிந்தது. அலுமினியக் குழாயையும் செம்புக் குழாயையும் சேர்த்து ஒட்டிய இடத்தில் வெள்ளையாகப் பூத்து, ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. மற்ற கம்பெனிகளில் அந்தச் சேர்மானம் வெளியே, கை எட்டுகிற இடத்தில் இருக்கும். இவன் அதை நுரைக்குள் புதைத்துவிட்டான். எந்த மெக்கானிக்காலும் தொட முடியாது. இன்னும் இரண்டை அறுத்தாள். மூன்றும் அதே இடத்தில்தான் போயிருந்தன.

ஓட்டை விழுந்த துண்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. அக்கா வீடு இருபது நிமிட நடை. அந்த இருபது நிமிடமும் அவள் மனசு அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே வந்தது. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பெட்டி நான்கு வருடம் ஜம்மென்று ஓடும். அக்கா இப்போதுதான் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறாள். நான்கு வருடத்தில் எது எப்படி ஆகுமோ, யார் இருப்பாரோ…

அந்த நினைப்பு எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்ததும் ஸ்பேனருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. சீ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். எதிரே வந்த தபால்காரர் திடுக்கிட்டு ஒதுங்கினார். மிச்சத் தூரத்தை அவள் கிட்டத்தட்ட ஓடியே கடந்தாள்.

வீட்டில் அத்தான் அந்தச் சின்ன அறையில் தரையில் உட்கார்ந்து, பாட்டில்களின் கழுத்தில் நூலால் காகித அட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். என்ன ஒயின், எந்த வருடம் என்று எழுதியிருக்கும் என்றுதான் ஸ்பேனர் நினைத்தாள். அட்டைகளில் அவருடைய வயது இருந்தது. எழுபது. எழுபத்தொன்று. அடித்தட்டில் இருந்த ஆறு பாட்டில்களிலும் எழுபத்தைந்து.

“வா மச்சினி! உன் பெட்டி என்னமா ஓடுது தெரியுமா? பதிமூணு டிகிரின்னா பதிமூணு. அசையலை. எங்க ஹோட்டல் நிலவறை தோத்துது போ” என்றார் அத்தான். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “சாப்பிட்டியாடி?” என்று கேட்டாள். வாரம் முழுக்க அவள் குரலில் இருந்த அதே குழைவு.

ஸ்பேனர் உட்காரவில்லை. நல்லது என்று அடித்துச் சொன்ன அதே குரலில்தான் இதையும் சொல்ல வேண்டும் என்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள்.

“அக்கா, நான் தப்பாச் சொல்லிட்டேன். இந்தப் பெட்டி பத்து வருஷம் வராது. நாலு வருஷம், மிஞ்சிப்போனா அஞ்சு. மாத்தணும்.”

செய்தித்தாளைப் பிரித்துத் துண்டைக் காட்டினாள். இரும்புக்கடை, பதின்மூன்று பெட்டி, அறுத்துப் பார்த்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். என் மேஜைக்கு வராததை வைத்து நல்லது என்று முடிவு கட்டினது என் முட்டாள்தனம் என்றும் சொன்னாள்.

அக்கா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். முகம் சிவந்துகொண்டே வந்தது.

“நான் தெருப்பூரா சொல்லிட்டு வந்தேனேடி. என் தங்கச்சி, என் தங்கச்சின்னு. வாழ்க்கையிலே ஒரே ஒரு தடவை உன்னை நம்பி ஒரு காரியத்தைக் குடுத்தேன். அதுவும் எந்தக் காரியத்தை!” குரல் உடைந்தது. “உன்கிட்ட என்ன சொல்லி இந்தப் பொறுப்பைக் குடுத்தேன் அன்னிக்கு?”

ஸ்பேனருக்குக் கண்ணில் நீர் முட்டியது. அக்கா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

அத்தான் கையிலிருந்த பாட்டிலைப் பத்திரமாகக் கீழே படுக்க வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். துண்டை வாங்கி மூக்கருகே கொண்டுபோய், தொழில் பழக்கத்தில் ஒரு தடவை முகர்ந்தும் பார்த்தார்.

“இங்க பாரு” என்றார் அக்காவிடம். “எங்க ஹோட்டல்ல ஒரு பழக்கம் உண்டு. பாட்டிலைத் திறந்ததும் விருந்தாளிக்கு ஊத்தறதுக்கு முன்னாடி நாங்க ஒரு வாய் பார்ப்போம். கெட்டிருந்தா, அவங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள நாங்களே போய்ச் சொல்லிடணும். எவ்வளவு பெரிய பாட்டிலா இருந்தாலும் சரி. ஒரு தடவை அப்படிச் சொன்னவன்கிட்டதான் அந்த விருந்தாளி அடுத்த முறை கேட்டு வாங்குவாரு. ‘என் பாட்டில் எதுவுமே கெட்டதில்லை’ன்னு சொல்ற வியாபாரிகிட்ட நான் முப்பத்தொரு வருஷத்துல ஒரு பெட்டி வாங்கினதில்லை.” அவர் ஸ்பேனர் பக்கம் திரும்பினார். “சொல்லு. எதை வாங்கலாம்?”

ஸ்பேனர் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“சாம்பல் மூஞ்சி.”

“பத்தொன்பது கோடு போட்டிருந்தியே, அதுவா?” அக்கா கத்தியே விட்டாள். “பத்தொன்பது தடவை படுத்த பெட்டியை என் தலையில கட்டப் பார்க்கறியா?”

“பத்தொன்பது தடவை படுத்துது. பத்தொன்பது தடவையும் எழுந்து போச்சு” என்றாள் ஸ்பேனர். ஃபோனில் எடுத்திருந்த சுவரின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். “கோட்டு மேல குறுக்கா ஒரு கீறல் தெரியுதா? சரியாகித் திரும்பப் போனா நான் போடுறது. சாம்பல்ல கீறல் இல்லாத கோடு ஒண்ணு காட்டு பார்ப்போம். எப்பவும் ரெண்டே வியாதிதான். பின்னாடி இருக்கிற விசிறி தேயும், இல்லேன்னா சூடு பார்க்கிற முனை கெடும். ரெண்டையும் நான் கண்ணை மூடிட்டு மாத்துவேன். இரும்புக்கடையில ஒரு சாம்பல்கூட இல்லை, தேடிப் பார்த்துட்டேன். என்கிட்ட வந்ததுல ஒண்ணுக்குப் பதினாலு வயசு. இன்னும் ஓடுது. கெடாத பெட்டின்னு உலகத்துல எதுவும் இல்லைக்கா. கெட்டா எழுப்பி நிறுத்தக்கூடிய பெட்டிதான் இருக்கு.”

அக்கா படத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். உதடு அசைய எண்ணினாள். விடை சரியாக வந்தது போலிருக்கிறது. ஆனால் அதைச் சொல்லவில்லை.

“எழுப்பி நிறுத்தறது யாரு? பத்து வருஷத்துக்கு எவன் கேரண்டி குடுப்பான்?”

“நான்.”

“உனக்கு அப்போ அம்பத்தொன்பது வயசு ஆகும்.”

“அத்தானுக்கு எழுபது ஆகும். உனக்கும் கிட்டத்தட்ட அதேதான். மூணு பேரும் சேர்ந்து விசிறி மாத்துவோம்.”

அத்தான் சிரித்த சிரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அக்கா பதறி ஓடி வந்தாள். “ஒண்ணும் இல்லை, தையல் போட்ட இடம் இழுக்குது. சிரிச்சா இழுக்கும்னு டாக்டரே சொன்னாரு” என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை ஷோரூமில் அதே டை கட்டியவர்.

“ஏழு நாளைக்குள்ள மாத்தலாம் மேடம், ஆனா பழுது இருக்கணும். பழுது இருக்கா?”

“இல்லை. அருமையா ஓடுது.”

“அப்புறம் ஏன் மாத்தணும்?”

“நாலு வருஷம் கழிச்சு நிக்கும்” என்ற ஸ்பேனர், செய்தித்தாள் பொட்டலத்தை மேஜையில் பிரித்து வைத்தாள். மஞ்சள் நுரைத் தூள் அவருடைய விளக்கப் புத்தகத்தின் மேல் கொட்டியது. கடையில் இன்னும் நான்கு பேர் நின்றிருந்தார்கள்; அதில் ஒரு தம்பதி நீலவிளக்கின் கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பேனர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓட்டை எங்கே இருக்கிறது என்று உரக்க விளக்க ஆரம்பித்தாள்.

“மாத்திடலாம் மேடம், இன்னிக்கே மாத்திடலாம்” என்றார் அவர். “இதை மட்டும் கொஞ்சம் மூடி வெச்சிருங்க.” அவள் மூடவில்லை. அந்தத் தம்பதி வந்து எட்டிப் பார்க்கும் வரைக்கும் அப்படியே வைத்திருந்தாள்.

சாம்பல் மூஞ்சி வந்து இறங்கியது. பாட்டில்கள் ஆடக் கூடாது என்பதற்காக ஸ்பேனர் மோட்டாருக்கு அடியில் இருந்த ரப்பர் கட்டைகளைக் கழற்றிவிட்டுத் தடிமனாக வேறு போட்டாள். டம்ளர் தண்ணீரைத் தலையில் வைத்துப் பார்த்தாள், வளையம் மட்டுப்பட்டது. சத்தம்தான் போகவில்லை. ஒவ்வொரு தடவை மோட்டார் கிளம்பும்போதும் ‘கர்ர்’ என்று ஒரு இழுப்பு, அப்புறம் சீரான ஒரு முனகல். அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று கேட்டாள். அத்தான் ஒவ்வொரு பாட்டிலாகக் கொடுக்க ஸ்பேனர் வாங்கி உள்ளே படுக்க வைத்தாள். எழுபத்தைந்து வயது பாட்டில்கள் அடித்தட்டுக்குப் போயின. தெருவில் இதற்கு என்ன பதில் சொல்வது என்று அக்கா கேட்டதற்கு, “தப்பாச் சொல்லிட்டா, அவளே திரும்பி வந்து அதை ஒத்துக்கிட்டான்னு சொல்லு” என்றார் அத்தான். ஸ்பேனர் கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தாள்.

ஒரு வாரம் அக்காவிடமிருந்து ஃபோனே இல்லை. ஸ்பேனரும் கூப்பிடவில்லை. அக்காவின் கோபத்தை நடுவில் கிளறினால் இன்னும் ஒரு வாரம் கூடும் என்பது அவளுக்கு ஐந்து வயதிலேயே தெரியும்.

ஒன்பதாவது நாள் காலையில், ஒரு பால்கடை ஃபிரிட்ஜுக்கு அடியில் படுத்திருந்தபோது ஃபோன் அடித்தது.

“உன் பெட்டி சத்தம் போடுது” என்றாள் அக்கா, எடுத்த எடுப்பில்.

“பழகிடும்கா.”

“பழகிடுச்சு.”

லைன் அறுந்துவிட்டதோ என்று ஸ்பேனர் ஃபோனைப் பார்த்தாள்.

“ஆபரேஷன் ஆனதுலேருந்து எனக்கு ராத்திரி முழிப்பு வந்துடும்” என்றாள் அக்கா. “முழிச்சதும் அவர் மூச்சு வருதான்னு காது குடுத்துக் கேட்பேன். கேட்டப்புறம்தான் தூக்கம் வரும். அவருக்குத் தெரியாது. இப்போ அடுத்த ரூம்ல இதுவும் சேர்ந்து கேக்குது. அவரு ஒரு மூச்சு விடறாரு, அது ஒரு முனகல் முனகுது.”

ஸ்பேனர் ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே நகர்ந்து உட்கார்ந்தாள்.

“நின்னுடுமோன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்டி. நேத்து கேட்டுக்கிட்டே இருந்தவ அப்படியே தூங்கிட்டேன். விடிஞ்சுதான் முழிச்சேன். ஒரு வருஷத்துல முதல் தடவை.”

“அக்கா…”

“ரெண்டும் ஓடுது” என்றாள் அக்கா. “நாளைக்கு வந்து அந்த விசிறியை ஒரு தடவை பார்த்துட்டுப் போ.”

“வாங்கி ஒன்பது நாள்தான்கா ஆச்சு.”

“இருக்கட்டும். பத்து வருஷம் பார்த்துக்கறேன்னு சொன்னேல்ல? நீ சொன்னா செய்வே. வா.”